முதல் அடி: ஓர் இளம் பேஸ் கிட்டார் கலைஞருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய ஃபங்க் சங்கீதத்தை முறையாகக் கற்க விரும்புவதாகவும், அதற்கு எந்த இசைத்தட்டிலிருந்து தொடங்குவது, கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் வித்தை கைவர எத்தனை காலம் பிடிக்கும் என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸேறித் திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் நாள் முழுதும் நின்று வேலை பார்த்துவிட்டு, லீவு நாள்களில் கோவில் நோம்பி மேடைகளில் பேஸ் வாசிக்கும் ஒரு பிள்ளைக்கு, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அந்நிய தேசத்துச் சங்கீதத்தின்மேல் இத்தனை பிரியம் பிறந்திருப்பதில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தப் பிரியம் இளவயதில் என்னையும் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

கேட்டதற்கு விடை சொல்லுமுன் உங்கள் வாசிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாசியில் வீரக்குமாரசாமி கோவில் தேர் பார்க்க வந்த கூட்டத்தில் நின்று உங்கள் குழுவின் கச்சேரியைக் கேட்டேன். விரலில் வேகம் இருக்கிறது. ஸ்வரம் ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் இடம், கீபோர்டு ஓயும் இடம், டோலக் திரும்பும் இடம் என்று பாட்டில் எங்கெங்கே வெளி இருந்ததோ அங்கெல்லாம் உங்கள் தந்திகள் புகுந்து நிரப்பின. அதைவிட என் மனத்தை உறுத்தியது வேறு. டிரம்ஸ் வாசித்த பையனின் வலது கால் எப்போது பெடலில் இறங்குகிறது என்பதை, மூன்று மணி நேரத்தில் ஒரு முறையேனும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியையெல்லாம் நிரப்பிவிடும் இந்தக் குறையை, ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் வந்து சேர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பையனிடமும் காணலாம். 1970-ல், சம்பள விஷயத்தில் மனஸ்தாபம் முற்றிப் பிரவுனின் வாத்தியக்காரர்கள் ஒட்டுமொத்தமாக விலகியபோது, சின்சினாட்டி நகரத்திலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட இளைஞர்களுள் ஒருவர் பூட்ஸி காலின்ஸ். அவரும் கையில் வந்ததையெல்லாம் வாசிக்கிறவராகவே இருந்தார். பிரவுன் அவருக்குக் கற்பித்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: நான்கு எண்ணிக்கையில் முதல் அடியை எனக்குத் தவறாமல் கொடு, மற்ற இடத்தில் உன் இஷ்டம்போல் செய்துகொள் என்பது. அந்த ஒரு பாடத்தைக் கொண்டுதான் பூட்ஸி பின்னால் ஜார்ஜ் கிளின்டனின் குழுவில் சேர்ந்து, 1975-ல் வெளிவந்த ‘மதர்ஷிப் கனெக்ஷன்’ போன்ற தட்டுகளில் உலகமே வியக்கும்படி வாசித்தார்.

அதற்கு முன்பிருந்த ஸோல், ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் பாரம் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் விழும். ஜனங்கள் கைதட்டுவதும் அங்கேதான். பிரவுன் 1965-ல் வெளியிட்ட ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ என்னும் பாட்டில் அந்தப் பாரம் முதல் அடிக்கு மாறத் தொடங்கியது. 1967-ல் வந்த ‘கோல்ட் ஸ்வெட்’ பாட்டில், சுருதிக்கூட்டின் மாற்றங்களெல்லாம் ஏறத்தாழ நின்றுபோய், பெரும்பகுதி ஒரே பீடத்தில் அமர்ந்துவிட, கிட்டார், பேஸ், ஊதுவாத்தியங்கள், பாடுகிறவரின் குரல் ஆகிய அனைத்தும் தாள வாத்தியங்களாகவே ஆகிவிட்டன. தம்பூரின் சுருதி மாறாமல் நிற்க, அதன்மேல் லயம் விஸ்தாரமாகக் கிளைப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமான சங்கதியன்று. கோர்வை வைக்கிற மிருதங்க வித்துவான் எங்கெல்லாமோ சுற்றிச் சமத்தில் வந்து இறங்கும்போது சபை நிமிர்ந்து உட்காருகிறதே, அந்த ஆனந்தத்தை ஃபங்க்காரர்கள் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம் விடாமல் வழங்கினார்கள். அந்தப் பத்து நிமிஷமும் சலிக்காமல் ஒரே சொற்கட்டை வாசிப்பதற்கு வேண்டிய மன அடக்கம், ஸ்லாப் வித்தையைக் காட்டிலும் நூறு மடங்கு கடினமானது.

நான் இவற்றையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது மிகவும் பிற்காலத்தில். முதலில் வந்தது செவிவழி. 1978-ல் வெரோனா என்னும் இத்தாலிய வியாபாரி வெள்ளை டீ-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்ததிலிருந்து ஏற்றுமதி வளர்ந்த வரலாற்றை நீங்கள் கம்பெனியில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளில், ஏற்றுமதிக் கம்பெனியொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் சிநேகிதருக்கு, வெளிநாட்டு வியாபாரி ஒருவர் விட்டுச்சென்ற கேசட் ஒன்று கிடைத்தது. அதில் அட்டை இல்லை, பெயர் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் பேனாவால் ஏதோ கிறுக்கல். ஒரு மனிதர் அலறுகிறார், முனகுகிறார், அதட்டுகிறார். பின்னால் வாத்தியக்காரர்கள் ஓர் அணுவும் பிசகாமல் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்த சிநேகிதர்கள், இதென்னப்பா என்று எழுந்து போய்விட்டார்கள். எனக்கோ எழுந்திருக்கக் கால் வரவில்லை. அந்தக் குரல் ஜேம்ஸ் பிரவுனுடையது என்று தெரிய வருவதற்குள் வருஷங்கள் கழிந்தன. நாடா பல இடங்களில் அறுந்து, செல்லோடேப் போட்டு ஒட்டியாகிவிட்டது.

எனக்கு அது சலிக்காமற் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தறிக்குடோன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இரண்டு விசைத்தறிகளின் அருகே நீங்கள் நின்றதுண்டா? இரண்டுக்கும் வேகம் ஒன்றுபோலத் தோன்றினாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். தறிகளின் நாடா அடிபடும் ஓசைகள் இரண்டும் முதலில் ஒன்றாக விழும். பிறகு ஒன்றையொன்று சற்றே முந்தி, இடையிலே புகுந்து, எதிரடியாக மாறி, மீண்டும் மெல்ல நெருங்கி, ஒரு கணம் ஒரே அடியாகச் சேரும். இரவு ஷிப்டில் நூலறுந்தால் முடிச்சுப் போடுவதற்காக விழித்திருந்த பையன், அந்தச் சேர்க்கை எப்போது வரும் என்று செவியைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பான். இயந்திரங்கள் தற்செயலாகச் சேர்கின்றன. மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டு, வேண்டுமென்றே சேர்கிறார்கள் என்பதை அந்தக் கேசட்டில்தான் கண்டேன்.

பிரவுனின் டிரம்மர் கிளைடு ஸ்டபில்ஃபீல்டு பிறந்து வளர்ந்த சட்டனூகா, ஆலைகளும் ரயில்களும் நிறைந்த ஊர். அந்த ஆலைச் சத்தத்திலும் தண்டவாளச் சத்தத்திலும்தான் தம்முடைய லயஞானம் உண்டானதாக அவர் சொல்லியிருக்கிறார். அதை வாசித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் வாசிப்பில் பலமாக விழும் அடிகளைவிட, ஸ்னேர் டிரம்மில் குச்சி பட்டும் படாமலும் விழுகிற சின்னஞ்சிறு அடிகளைக் கவனியுங்கள். நம் ஆதி தாளத்தைச் சதுச்ர நடையில் எண்ணினால் நான்கு அடிகளுக்குப் பதினாறு மாத்திரை வருகிறதல்லவா? அந்தப் பதினாறையும் அவர் எண்ணிக்கொண்டேயிருந்து, மிகச் சிலவற்றையே உரக்கச் சொல்லுகிறார். பேஸ் வாசிக்கிறவன் இடது கைவிரலால் தந்தியை லேசாகத் தொட்டு, நாதமில்லாத வெறும் தட்டலாக்குவதும் அதே காரியந்தான்.

இனி நம் நாட்டுப் பக்கம் வருகிறேன். பிரவுன் ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பாட்டை வெளியிட்ட அதே 1965-ல், வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகும் வழியிலுள்ள ஓலப்பாளையத்தில், பின்னாளில் கனடாவில் பேராசிரியராக விளங்கிய பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாடகர்கள் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். உடுக்கையின் இடுப்புக் கயிற்றைக் கை இறுக்கும்போது நாதம் மேலேறுகிறது, தளர்த்தும்போது கீழிறங்குகிறது. கதை வசனத்தில் ஓடும்போது அந்த ஒற்றைக் கருவி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வரும். கதையின் அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் போருக்குப் புறப்படும்போது, வேறெதையும் கூட்டாமல், அதே நடையை இறுக்கிப் பிடிப்பதனாலேயே கேட்போருக்கு மயிர்க்கூச்செறியச் செய்துவிடும். ஓலப்பாளையத்துக்கும் சின்சினாட்டிக்கும் உறவு கற்பிக்க நான் முற்படவில்லை. இரண்டும் வெவ்வேறு வேதனைகளிலிருந்து, வெவ்வேறு தெய்வங்களின் முன்பாகப் பிறந்தவை. ஆயினும், இரவு முழுவதும் ஜனங்களை விழித்திருக்கச் செய்கிற கலைஞன் ஒரே நடைக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் இங்கேயே, பெரிய மேளமும் ஜமாப்பும் அடிக்கிறவர்களின் பக்கத்தில் நின்று கற்கலாம்.

நம்முடைய சினிமா சங்கீதத்தில் இந்த ஃபங்க் எவ்வாறு கலந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தமிழில் ஸ்டீரியோ முறைப் பதிவுக்குப் பெயர்பெற்ற இளையராஜாவின் ‘பிரியா’ 1978-ல் வந்தது. மறு ஆண்டில், சிங்கப்பூருக்குப் போகும் இசைக்குழுவொன்றின் கதையாகிய ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கு எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். ஊதுவாத்தியங்களின் வெட்டும், ஹை-ஹாட்டின் பதினாறும், அடியிலே நடக்கிற பேஸும் கொங்கு நாட்டுக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே ஸ்வரக் குறிப்பெழுதிக் கொடுப்பவர். ஆகவே அவர் பாட்டுகளில் பேஸ் என்பது பாடகரின் மெட்டோடு உரையாடுகிற இரண்டாவது மெட்டாகவே அமைந்திருக்கும். நெடுங்காலம் அவர் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனையும், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனையும் சேர்த்துக் கேளுங்கள். வெள்ளம் எதிர்த்திசையிலும் பாய்ந்ததுண்டு: 1985-ல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்திலுள்ள இளையராஜாவின் இசையை, அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003-ல் தங்கள் ‘எலஃபங்க்’ தட்டில் எடுத்தாண்டார்கள்.

ஸ்லாப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த உத்தியை உலகுக்குத் தந்த லாரி கிரஹாம், இளம் வயதில் தம் தாயாரோடு கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது, குழுவில் டிரம்மர் இல்லாமற்போன குறையை ஈடுகட்டவே கட்டைவிரலால் அடித்துப் பெரிய டிரம்மின் ஒலியையும், ஆள்காட்டி விரலால் தந்தியைச் சுண்டி ஸ்னேரின் ஒலியையும் உண்டாக்கினார். 1969-ல் வந்த ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் ‘தேங்க் யூ’ பாட்டில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். உங்களுக்கோ டிரம்மர் இருக்கிறார். அவர் இல்லாத இடத்தை நிரப்பப் பிறந்த வித்தையை அவர் தலைமேலேயே ஏற்றி வாசித்தால், இருவர் வாசிப்பும் கெடும். ஆகையால் ஆறு மாதம் ஸ்லாப்பை மறந்துவிடுங்கள். பெருவிரலை ஓய்வாக வைத்து, இரண்டு விரல்களாலேயே, முதல் அடியை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை மௌனமாக எண்ணிப் பழகுங்கள். கை பரபரக்கும், விடக்கூடாது.

கலையைப் பற்றிப் பேசும்போது காசைப் பற்றிப் பேசலாகாது என்று நினைப்பவன் நான் அல்லேன். 1969-ல் சின்சினாட்டியில் பதிவாகி 1970-ல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில், மற்ற வாத்தியங்களெல்லாம் நிற்க, ஸ்டபில்ஃபீல்டு சில விநாடிகள் தனியே வாசிக்கிறார். அந்த விநாடிகளை வெட்டியெடுத்து ஹிப்-ஹாப்காரர்கள் எண்ணற்ற பாட்டுகளுக்கு அஸ்திவாரமாக்கிக்கொண்டார்கள்; உலக இசைப்பதிவுகளில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. ஆயினும் பாட்டின் ஆசிரியராக அவர் பெயர் பதிவாகாமையால், அந்தச் செல்வத்தில் அவருக்கு உரிமைத்தொகை என்று வந்தது சொற்பத்திலும் சொற்பம். 2017-ல் அவர் காலமானார். நம் பக்கத்திலும் நிலைமை அப்படித்தான்: பழைய கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களுக்கு மேல் ஒரு வரி சேர்க்க இடமிருந்தும், அடியைத் தாங்கியவர்களின் பெயரைப் போட எவருக்கும் மனமில்லை. என் சிறுவயதுக் கேசட்டில் பெயரில்லாமல் வாசித்தவர்கள் யாவர் என்று தேடித் தேடி அறிந்துகொண்ட பிறகே எனக்கு இதன் அநியாயம் உறைத்தது. நீங்கள் எந்த ஸ்டுடியோவில் வாசித்தாலும் தேதி, பாட்டு, கூட வாசித்தவர்கள் பெயர், பேசிய தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாசிக்குமுன் பேசிக்கொள்ளுங்கள், வாசித்தபின் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். செல்பேசியில் பாட்டை ஏற்றும்போது உங்கள் டிரம்மர் பையன் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு, இப்போது வேண்டாம் என்பதே என் விடை. நோம்பிக் காலம் வருஷம் முழுதும் வராது. வீட்டில் அம்மாவுக்கு உங்கள் சம்பளம் வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறிகள் நிற்கும். குடோன் அமைதியாக இருக்கும். அன்று காலையில் கிட்டாரோடு வாருங்கள், பழைய பாட்டுகளை உட்கார்ந்து கேட்போம். ஆம்ப்ளிஃபயர் என்னிடம் இருக்கிறது. டிரம்ஸ் வாசிக்கிற பையனையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவரில்லாமல் வந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், பாடம் கிடையாது.

தங்கள் நலம் நாடும்,
வெள்ளகோவில் பழைய பேஸ்காரன்