குறும்படப் போட்டி புகட்டும் பாடம்

திரைப்படங்களில் மாற்றுத்திறனாளி பெரும்பாலும் இரக்கத்திற்கோ நகைப்பிற்கோ உரியவராகவே காட்டப்படுகிறார். அவ்வேடத்தையும் பிறரே ஏற்று நடிப்பது வழக்கம்.

இக்குறையைப் போக்க அமெரிக்காவில் ஒரு குறும்படப் போட்டி நடைபெற்று வருகிறது. குறுகிய உருவமுடைய நடிகர் நிக் நோவிக்கி 2013-ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தார். 2017 முதல் ஈஸ்டர்சீல்ஸ் என்னும் தொண்டு நிறுவனம் அதனுடன் இணைந்துள்ளது. ஐந்து நாட்களுக்குள் கதை எழுதி, படம் பிடித்து, தொகுத்து முடித்தல் வேண்டும். படம் ஐந்து நிமிடத்திற்கு மேற்படலாகாது.

இப்போட்டிக்கு உயிராய் விளங்குவது ஒரு விதியாகும். ஒவ்வொரு படத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவரேனும் நடிகராகவோ, எழுத்தாளர், இயக்குநர் போன்ற கலைஞராகவோ பணியாற்றியிருத்தல் வேண்டும். கதையின் வகையைப் போட்டிக் குழுவினரே அறிவிப்பர். ஓராண்டு காதல், மற்றோராண்டு நகைச்சுவை என அது மாறும். ஆகவே துயரம் ஒன்றே கதையாகிவிடுவதில்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் இவ்விதியைத் தம் ஊர்ப் பள்ளியிலும் இளைஞர் மன்றத்திலும் கையாளலாம். இதற்குக் கைப்பேசி ஒன்றே போதும். கிராம சபைக்குச் சக்கர நாற்காலியில் வருபவர், வாயிற்படியில் தாம் படும் இடரைத் தாமே படமாக்கட்டும். அதனைக் கண்ட சபையினருக்குச் சாய்தளம் எங்கே வேண்டுமென்று பிறர் சொல்லத் தேவையிராது.