கருவில் இருக்கும் குழந்தையின் நாக்கை அளக்க முடியுமா?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், 21 வாரம். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் 'நாக்கு உதட்டைத் தாண்டி நீண்டிருக்கிறது, சற்றுப் பெரிதாகத் தோன்றுகிறது, நான்கு வாரம் கழித்து மறு ஸ்கேன்' என்று போட்டிருக்கிறார்கள். அளவு எதுவும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நாக்கை அளக்கவே முடியுமா? 'பேச்சு வராது' என்கிறார் மாமியார். நெட்டில் தேடிய கணவருக்கு டவுன் சிண்ட்ரோம் பயம். மூன்றாம் மாதப் பரிசோதனையில் அந்த ரிஸ்க் குறைவு என்றுதான் வந்தது.
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில் (கரு மருத்துவ நிபுணர்): முடியும். 1997-லேயே இஸ்ரேலில் ரூவன் அகிரோனும் அவருடைய சகாக்களும் 14 முதல் 26 வாரம் வரையிலான கருக்களின் நாக்குச் சுற்றளவை அளந்து, எந்த வாரத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்கு கொடுத்திருக்கிறார்கள். கீழ்த்தாடையின் குறுக்கே ஒரு வெட்டுத்தோற்றம் எடுத்து, அதில் தெரியும் நாக்கின் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்தால் மெஷின் சுற்றளவைச் சொல்லிவிடும். வழக்கமான ஐந்தாம் மாத ஸ்கேனில் இதை யாரும் செய்வதில்லை. முகத்தில் கண்குழி, மூக்கு, மேலுதட்டில் பிளவு உண்டா என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் எண் இல்லாதது குறையல்ல. பார்த்ததை மறைக்காமல் எழுதிய டாக்டரைப் பாராட்டத்தான் வேண்டும்.

எண் கிடைத்தாலும் அதை மட்டும் நம்பிவிட முடியாது. நாக்கு சும்மா இருக்கும் உறுப்பா? உங்கள் குழந்தை இப்போதே பனிக்குட நீரை விழுங்குகிறது, கொட்டாவி விடுகிறது, நாக்கை நீட்டி இழுக்கிறது. ஸ்கேன் கருவி கொஞ்சம் சாய்ந்தால் சுற்றளவு மாறும். வாரக்கணக்கு தவறினால் நார்மல் நாக்கும் பெரிதாகிவிடும். மாதம் ஏற ஏறத் தாடை எலும்பு கெட்டியாகி அதன் நிழல் நாக்கின் மேல் விழும். அதனால் நான் முதலில் பக்கவாட்டு முகத்தைத்தான் பார்ப்பேன். நீட்டிய நாக்கு சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் அது குழந்தையின் விளையாட்டு. அரை மணி கழித்தும், அடுத்த வாரம் பார்த்தாலும் வெளியிலேயே இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

அதே தோற்றத்தில் கீழ்த்தாடையும் தெரியும். தாடை சிறிதாகவும் பின்வாங்கியும் இருந்தால் சாதாரண நாக்கும் இடம் போதாமல் பெரிதாகத் தோன்றும். டவுன் சிண்ட்ரோமில் நாக்கு வெளியே தெரிவதற்கும் முக்கியக் காரணம் வாய் சிறிதாக இருப்பதும் தசைத் தளர்ச்சியும்தான். உங்களுக்கு ரிஸ்க் குறைவு என்று வந்திருக்கிறது. மற்ற உறுப்புகளும் நார்மல். உங்கள் கணவரின் பயத்துக்கு இந்த ஒரு வரி போதாது.

நாக்கு நிஜமாகவே பெரிது என்றால் என் மனதில் முதலில் வருவது பெக்வித்-வீடமன் சிண்ட்ரோம். அமெரிக்காவின் பெக்வித் 1963-லும் ஜெர்மனியின் வீடமன் 1964-லும் தனித்தனியாக விவரித்தது. 11-வது குரோமோசோமில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதியின் இயக்கம் மாறிவிடுவதால் வருகிறது. பெரும்பாலான குடும்பங்களில் இதற்கு முன்கதை இருக்காது. சுமார் பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பதால் உங்களுக்கு இருக்க வாய்ப்பு குறைவு. மேலும் இது தனியாக நாக்கோடு நிற்பது அரிது. தொப்புள் வழியாகக் குடல் வெளியே துருத்தியிருக்கிறதா, சிறுநீரகங்கள் பெரிதாக இருக்கின்றனவா, பனிக்குட நீர் அதிகமா, குழந்தை வாரக்கணக்கை மிஞ்சி வளர்கிறதா, நஞ்சுக்கொடி தடித்திருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாதபோது சற்றுப் பெரிய நாக்கை மட்டும் வைத்து இந்த சிண்ட்ரோம் என்று நான் சந்தேகமாகக்கூட எழுதத் தயங்குவேன்.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. பெரிய குழந்தை, அதிக நீர் இரண்டும் தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தாலும் வரும். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

நான்கு வாரம் காத்திருக்கச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் உங்களுக்கு 25 வாரம் ஆகிவிடும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, 24 வாரத்துக்குப் பிறகு கருவின் குறைபாட்டைக் காரணம் காட்டி எடுக்கும் எந்த முடிவும் மருத்துவக் குழு முன் போக வேண்டும். தனித்த நாக்குப் பெருக்கம் கர்ப்பத்தைக் கலைக்கக் காரணமே அல்ல. ஆனாலும் வேறு ஏதாவது தெரிந்தால் நிதானமாக யோசிக்க நேரம் வேண்டுமே. ஒன்றிரண்டு வாரத்துக்குள் கரு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அங்கே கூடுதல் அடையாளங்கள் தெரிந்தால் பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். அப்போது கவனியுங்கள்: சாதாரண குரோமோசோம் சோதனையில் பெக்வித்-வீடமன் பெரும்பாலும் பிடிபடாது. தாயின் ரத்தத்தில் செய்யும் என்ஐபிடியும் இதற்கானதல்ல. 11-வது குரோமோசோமுக்கான மெத்திலேஷன் சோதனை என்று தனியாகக் கேட்க வேண்டும். சில செல்களில் மட்டும் மாற்றம் இருப்பதுண்டு என்பதால், அது நார்மல் என்று வந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை.

மாமியாரிடம் சொல்லுங்கள், பெக்வித்-வீடமன் உள்ள குழந்தைகளில்கூடப் பெரும்பாலோர் பேசுவார்கள். அறிவு வளர்ச்சியும் பொதுவாக இயல்பாகவே இருக்கும். சில எழுத்துகளின் உச்சரிப்பு குழறலாம். தாடை வளர வளர நாக்குக்கு இடம் கிடைக்கும். பால் குடிக்கவோ மூச்சுவிடவோ தடையாக இருப்பவர்களுக்கு மட்டும் நாக்கைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு.

ஒருவேளை சந்தேகம் உறுதியானால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாக்கு மூச்சுப்பாதையை அடைக்கலாம். முதல் சில நாட்களில் ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். பிறகு சிறுநீரகம், கல்லீரல் கட்டிகள் வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்பதால், ஏழு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். அதில் வலியோ கதிர்வீச்சோ கிடையாது.