சங்க அலுவலகத்துக்கு ஒரு பல்பணி அச்சுப்பொறி: விலையைப் பார்ப்பதா, செலவைப் பார்ப்பதா?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு உணவும் கூரையும் கிடைத்த பின்னர் அடுத்ததாகத் தேவைப்படுவது கடதாசி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, காணி அனுமதிப்பத்திரம், கிராம அலுவலரின் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவை இல்லாமல் எந்த உதவியும் எம்மை வந்து சேர்வதில்லை.

கண்டிப் பிரதேசம் இதை நன்கு அறியும். 1980களின் நடுப்பகுதியில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. அங்கும் சுற்றுப்புறங்களிலும் இருந்த குடும்பங்கள் வேறு இடங்களில் குடியேற்றப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையால் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டது. மண்ணோடு வீடு போகும்போது பெட்டியில் இருந்த பத்திரங்களும் போய்விடுகின்றன.

இதனால்தான் பல விவசாயச் சங்கங்களும் மரண உதவிச் சங்கங்களும் தமது அலுவலகத்துக்கு ஓர் அச்சுப்பொறி வாங்க எண்ணுகின்றன. அச்சிடல், பிரதி எடுத்தல், பத்திரத்தைப் படமாக்கிக் கணினியில் சேமித்தல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே பொறி செய்தால் அதைப் பல்பணி அச்சுப்பொறி என்கிறோம். சங்கப் பணம் உறுப்பினரின் வியர்வை. எனவே அதைச் செலவிடுமுன் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

1. முதலில் எமது தேவை என்ன?

கடைக்குப் போகுமுன் ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். எத்தனை பக்கம் பிரதி எடுத்தோம்? எத்தனை பக்கம் அச்சிட்டோம்? அவற்றுள் வர்ணம் தேவைப்பட்டவை எத்தனை? பெரும்பாலான சங்கங்களில் அதிகம் நடப்பது பிரதி எடுத்தலே. வர்ணம் தேவைப்படும் பக்கம் மிகக் குறைவு. இந்தக் கொப்பி இல்லாமல் கடைக்குப் போனால், விற்பவர் சொல்வதே எமது தேவையாகிவிடும்.

2. மூன்று வகைப் பொறிகள்

அ) சிறு மைப்பெட்டி வகை. நுண்ணிய துவாரங்கள் வழியாகத் திரவ மையைக் கடதாசியில் தெளிக்கும். பொறியின் விலை குறைவு. ஆனால் மைப்பெட்டி விரைவில் முடிந்துவிடும். உதாரணமாக, எச்.பி. 680 கறுப்பு மைப்பெட்டி ஏறக்குறைய 480 பக்கங்களுக்கே போதுமானது.

ஆ) மைத்தாங்கி வகை. இதுவும் திரவ மைதான். ஆனால் போத்தலில் இருந்து தாங்கிக்குள் மையை ஊற்றலாம். எப்சன் 103 கறுப்பு மைப் போத்தல் ஒன்று ஏறக்குறைய 4,500 பக்கங்களுக்கு வரும். பொறியின் விலை அதிகம்.

இ) லேசர் வகை. இதில் மை திரவமல்ல, தூள். மின்னேற்றத்தால் தூளைக் கடதாசியில் ஒட்டவைத்து வெப்பத்தால் உருக்கிப் பதிக்கிறது. எழுத்து தெளிவாக இருக்கும், நனைந்தாலும் கரையாது. எச்.பி. 85ஏ டோனர் ஏறக்குறைய 1,600 பக்கங்களுக்கு வரும்.

இந்தப் பக்க எண்ணிக்கைகள் உற்பத்தியாளர் பரீட்சைப் பக்கங்களைக் கொண்டு கணித்தவை. எழுத்து நெருக்கமான பக்கமும் படமுள்ள பக்கமும் அதைவிட அதிக மை குடிக்கும்.

3. கணக்கைப் போடுவோம்

ஒரு சங்கம் மாதம் 300 பக்கம் பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 10,800 பக்கம். கீழே வரும் விலைகள் கணக்குப் பழகுவதற்காக மட்டுமே. கடையில் கேட்டறிந்த விலையை அந்தந்த இடத்தில் எழுதி நீங்களே மீண்டும் கணக்கிடுங்கள். பொறியோடு வரும் முதல் மையை இலகுவுக்காகக் கணக்கில் சேர்க்கவில்லை. கடதாசி ஒன்று 3 ரூபா. மூன்று வகைக்கும் கடதாசிச் செலவு 32,400 ரூபா.

மைப்பெட்டி வகை: பொறி 25,000. மைப்பெட்டி ஒன்று 5,000 வீதம் 23 பெட்டிக்கு 1,15,000. கடதாசியுடன் மொத்தம் 1,72,400 ரூபா.

மைத்தாங்கி வகை: பொறி 65,000. போத்தல் ஒன்று 3,500 வீதம் 3 போத்தலுக்கு 10,500. கடதாசியுடன் மொத்தம் 1,07,900 ரூபா.

லேசர் வகை: பொறி 80,000. அசல் டோனர் ஒன்று 18,000 வீதம் 7க்கு 1,26,000. கடதாசியுடன் மொத்தம் 2,38,400 ரூபா. மீள்நிரப்பிய டோனர் 3,000 ரூபாவுக்குக் கிடைத்தால் மொத்தம் 1,33,400 ஆகக் குறையும். ஆனால் மீள்நிரப்பலின் தரம் கடைக்குக் கடை வேறுபடும், தூளும் சிந்தலாம்.

வெளிக்கடையில்: பிரதி ஒன்று 15 ரூபா வீதம் 1,62,000 ரூபா.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்ன? விலை குறைந்த பொறியே கடைக்குப் போவதைவிட அதிகச் செலவு வைத்துவிட்டது! பொறியின் விலை ஒரு முறை கொடுப்பது. மையின் விலையோ பொறி உழைக்கும் காலமெல்லாம் கொடுப்பது.

4. வாங்காமல் இருப்பதும் ஒரு தெரிவே

மாதம் 50 பக்கம் மட்டும் தேவைப்படும் சிறு சங்கத்துக்கு மூன்று ஆண்டில் 1,800 பக்கம். கடையில் 27,000 ரூபாவுடன் முடிந்துவிடும். மைத்தாங்கிப் பொறி வாங்கினால் 73,900 ரூபா. எனவே வாங்கக் கூடாது.

எந்த இடத்தில் வாங்குவது இலாபமாகிறது? மேற்கண்ட விலைகளின்படி மைத்தாங்கிப் பொறியில் ஒரு பக்கத்துக்கு மையும் கடதாசியும் ஏறக்குறைய 3 ரூபா 78 சதம். கடை விலையுடன் ஒப்பிட்டால் பக்கத்துக்கு 11 ரூபா 22 சதம் மிச்சம். பொறியின் 65,000 ரூபாவை இதனால் பிரித்தால் ஏறக்குறைய 5,800 பக்கம். அதாவது மூன்று ஆண்டுக்கு மாதம் 160 பக்கத்துக்கு மேல் தேவையென்றால் வாங்கலாம். மலைத்தோட்டத்திலிருந்து கலகாவுக்கோ திகனவுக்கோ இறங்கி வரும் பஸ் கட்டணத்தையும் இழக்கும் நாட்கூலியையும் சேர்த்தால் இந்த எல்லை இன்னும் குறையும். தேவை குறைவான இரண்டு, மூன்று அயற்சங்கங்கள் கூட்டாக ஒரு பொறி வாங்குவதும் நல்ல வழியே.

5. மலைநாட்டில் கவனிக்க வேண்டியவை

ஈரம்: மழைக்காலத்தில் கடதாசி ஈரம் உறிஞ்சிப் பொறிக்குள் சிக்கும். திறந்த கட்டைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

நாட்கணக்கில் ஓய்வு: திரவ மை வகையை வாரக்கணக்கில் பாவிக்காது விட்டால் மை காய்ந்து துவாரம் அடைத்துவிடும். வாரம் ஒரு பக்கமாவது வர்ணத்தில் அச்சிடுங்கள். லேசர் பொறிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே இடையிடையே மட்டும் திறக்கும் அலுவலகத்துக்கு, மை விலை கூடினாலும், லேசர் பொருத்தமாக இருக்கலாம்.

மின்சாரம்: 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்துண்டிப்பு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லேசர் பொறி சூடாகும்போது பல நூறு வாற் மின்சாரம் இழுக்கும். திரவ மைப் பொறிக்கு அதில் சிறு பங்கே போதும், சிறிய சூரிய மின்தொகுதியிலும் அது இயங்கும். இடிமின்னல் நேரத்தில் எந்தப் பொறியானாலும் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

நைந்த பத்திரம்: தானாகத் தாள் இழுக்கும் தட்டில் பழைய சான்றிதழை ஒருபோதும் வைக்காதீர்கள், கிழிந்துவிடும். மூடியைத் திறந்து கண்ணாடியின் மேல் வைத்தே பிரதி எடுக்க வேண்டும். எனவே தட்டையான கண்ணாடி உள்ள பொறியையே வாங்குங்கள்.

6. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

குறைந்தது மூன்று கடைகளில் எழுத்தில் விலை பெறுங்கள். பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

– இந்தப் பொறியின் மை கண்டியில் எத்தனை கடைகளில் கிடைக்கும்? அதன் இன்றைய விலை என்ன?
– உத்தரவாதக் காலம் எவ்வளவு? எத்தனை பக்கத்துக்கு?
– பழுதானால் கண்டியிலேயே திருத்துவார்களா, ஏறக்குறைய 115 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அனுப்புவார்களா? அனுப்பும் செலவு யாருடையது?
– மைத்தாங்கிப் பொறியானால், கழிவு மை சேரும் பஞ்சு நிரம்பியதும் மாற்ற என்ன செலவாகும்?

7. பொறியால் முதலில் செய்ய வேண்டிய வேலை

பொறி வந்ததும் ஒவ்வொரு குடும்பத்தின் முக்கிய பத்திரங்களையும் வர்ணத்தில் படமாக்கிச் சேமியுங்கள். கறுப்பு வெள்ளையில் முத்திரையும் கையொப்பமும் மங்கிவிடலாம். ஒரு சேமிப்பு அலுவலகத்திலும், மற்றொன்று பென் டிரைவில் வேறு ஊரிலும் இருக்கட்டும். பிரதி அசலுக்கு ஈடாகாது. ஆனால் பிறப்பு, விவாகச் சான்றிதழ் தொலைந்து பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கும்போது, பழைய பிரதியிலுள்ள பதிவு இலக்கமும் திகதியும் தேடும் வேலையை இலகுவாக்கும். படமாக்குவதற்கு மையும் செலவாகாது, கடதாசியும் செலவாகாது. அடையாள அட்டைப் பிரதிகள் பிறர் கையில் சிக்காதபடி பூட்டிப் பாதுகாப்பது செயலாளரின் கடமை.

ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சிறு கட்டணம் அறவிட்டு, பொறியருகே ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மைச்செலவு போக மிஞ்சும் தொகையைத் தனியே வைத்தால், பொறி தேய்ந்துபோகும் நாளில் அடுத்த பொறிக்கு எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்கு

1. கடந்த மாதம் உங்கள் சங்கத்தினர் பிரதி எடுக்க மொத்தம் எவ்வளவு செலவிட்டனர்? பஸ் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
2. மாதம் எத்தனை பக்கத்துக்கு மேல் போனால் உங்கள் ஊரில் பொறி வாங்குவது இலாபம்? பலகையில் கணக்கிட்டுக் காட்டுங்கள்.
3. இன்றிரவு வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால், உங்கள் குடும்பத்தின் எந்தப் பத்திரத்துக்கு வேறிடத்தில் பிரதி இருக்கிறது?