ஹஜ்ரத்தின் ஆரோக்கியம் ஜமாஅத்தின் அமானத்



வீட்டில் நல்ல உணவு சமைத்தால் ஒரு பங்கைப் பள்ளிவாசலுக்கு அனுப்புவது நம் மஹல்லாக்களின் வழக்கம். வீடுவீடாக முறை வைத்து இமாமுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஊர்களும் உண்டு. அந்த அன்பு குறைய வேண்டாம். ஆனால் அது அவருடைய உடலுக்கு நன்மையாக அமைகிறதா என்று பார்ப்பதும் நம் கடமை.

இமாமின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன்பே எழுகிறார். தொழுகை முடிந்ததும் மக்தப் பிள்ளைகளோடு உட்காருகிறார். மஃரிபுக்குப் பின் மீண்டும் பாடம். இஷா முடிந்து, வந்தவர்களிடம் பேசிவிட்டுச் சாப்பிடும்போது இரவு பத்து மணி ஆகிவிடுகிறது. தங்கும் அறை பள்ளிவாசலை ஒட்டியே இருப்பதால் நடப்பதற்கும் வேலையில்லை. நிக்காஹ் என்றால் பிரியாணி, ஃபாத்திஹா என்றால் நெய்ச்சோறும் நார்சாவும், போகும் வீடெல்லாம் சர்க்கரை போட்ட தேநீர். வேண்டாமென்றால் வீட்டார் மனம் வருந்துமே என்று அவரும் வாங்கிக்கொள்கிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வொன்று, நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. உடலுழைப்பின்மை, மிகையான உணவு, தூக்கக் குறைவு ஆகியவை அந்நோய்க்கு வழிவகுப்பவை. ஓர் இமாம் நோயில் படுத்தால் அவருடைய சம்பளமும், பள்ளிவாசல் தந்த குடியிருப்பும் கேள்விக்குறியாகின்றன. மனைவி மக்களும் சேர்ந்து தவிக்க நேரிடும்.

மார்க்கம் காட்டும் வழி

உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீற வேண்டாம் என்று திருக்குர்ஆன் (7:31) கட்டளையிடுகிறது. வயிறு நிரம்ப உண்பதை விரும்பாத நபி (ஸல்) அவர்கள், உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மும்மூன்றாகப் பங்கிடும் அளவைக் காட்டியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். சனிக்கிழமைகளில் குபா பள்ளிக்கு நடந்தும் சென்றிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். ஆகவே, ஓர் ஆலிம் ஷூ அணிந்து வேகமாக நடப்பது கண்ணியக் குறைவு அன்று.

ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதானே என்று சிலர் கேட்கலாம். தொழுகை இபாதத். அதன் அசைவுகளால் உடலுக்கு நன்மை உண்டு என்றாலும், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்தால் அது நிறைவேறிவிடும்.

ஹஜ்ரத்மார்கள் கவனிக்க

1. அஸருக்குப் பின் கிடைக்கும் நேரத்தில் அரை மணி நேரம் நடக்கலாம்.

2. இஷா முடிந்ததும் முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

3. விருந்தில் சோற்றைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிக்கொள்ளலாம்.

4. திங்கள், வியாழன் நோன்பு ஸுன்னத். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே நோற்க வேண்டும். ரமளானுக்கும் சில வாரங்கள் முன்பே ஆலோசனை பெறுவது அவசியம்.

வீட்டாரும் நிர்வாகிகளும் கவனிக்க

முறை வரும் நாளில் பரோட்டாவுக்குப் பதில் கீரை, பருப்பு, மீன் குழம்பு அனுப்புங்கள். தேநீரில் சர்க்கரை போடும் முன் கேளுங்கள். "இன்னும் கொஞ்சம் ஹஜ்ரத்" என்று வற்புறுத்தாதீர்கள்.

இமாம், மோதினார் இருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்ய நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாரம் ஒருநாள் ஓய்வும், அன்று தொழவைக்க மாற்று ஆளும் இருந்தால் எந்தத் தொழுகையும் தடைபடாது. நோயுற்றால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பதை ஜமாஅத் தீர்மானமாகவே எழுதிவைப்பது நல்லது.

நமக்கு முன்னின்று தொழவைப்பவருக்கு அல்லாஹ் நீடித்த ஆஃபியத்தைத் தருவானாக! அதற்கு நம் வீட்டுச் சமையலறைகளும் துணைநிற்க அருள்வானாக! ஆமீன்.