இடுப்பு வளையம் திறந்தால்...

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனித்தடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் பற்றி அடிக்கடி பேசுகிறோம், இடுப்பை மறந்துவிடுகிறோம். கடும் மோதலில் இடுப்பெலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலேயே உயிர் போகலாம்.

எப்படி? இடுப்பெலும்பு ஒரு வளையம். பின்னால், முதுகுத்தண்டின் அடியில் ஒரு முக்கோண எலும்பு. அதிலிருந்து இருபுறமும் வளைந்து வரும் எலும்புகள் முன்னால் இணைகின்றன. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தொங்கும் கண்ணாடி வளையலை நினைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் உடையும். ஆகவே முன்னே முறிவைக் கண்டால் மருத்துவர் பின்னேயும் தேடுவார். அங்கேதான் மெல்லிய சிரைகள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. எலும்பு விலகினால் அவை கிழியும். பெரும்பாலும் ரத்தம் கசிவது இந்தச் சிரைகளிலிருந்தும் முறிந்த எலும்பிலிருந்தும்தான்.

60 கிலோ எடையுள்ளவரிடம் சுமார் 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 1.7 லிட்டர், அதாவது 40 விழுக்காடு போனாலே உயிருக்குப் பேராபத்து. வளையம் விரிந்தால் ரத்தம் தேங்கும் இடமும் பெருகுகிறது. இடுப்புக் குழியைக் கோளமென்று வைத்துக்கொள்வோம். ஆரம் 10 விழுக்காடு கூடினால் கன அளவு 33 விழுக்காடு கூடும் (1.1 × 1.1 × 1.1 = 1.331). உண்மையான இடுப்பு முழுக்கோளம் அல்ல, எனவே கூடுதல் இதைவிடக் குறைவு. ஆனாலும் கோளத்தின் சூத்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு பதில்!

ஆம்புலன்ஸ் பணியாளர்கள் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டையை இறுக்குவது இதனால்தான். வளையம் மூடினால் எலும்பு முனைகள் அசையாமல் நிற்கும், ரத்தம் உறைய வழி கிடைக்கும். பட்டை பெல்ட் கட்டும் இடத்தில் அல்ல, அதற்குக் கீழே, தொடையின் மேற்பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டின்மீது இருக்க வேண்டும். மேலே கட்டினால் பயன் குறைவு.

மருத்துவமனையில் ரத்தம் ஏற்றுவார்கள். உறைய உதவும் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் சேர்த்தே கொடுப்பார்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. அதனால்தான் கோலாலம்பூர் வெயிலிலும் காயம்பட்டவரைப் போர்த்துகிறார்கள். தமனி கிழிந்திருந்தால் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி அடைப்பார்கள். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து ரத்தக்கட்டி கரையாமல் காக்கிறது. 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பது பின்னர் தெரிந்தது.

இவற்றில் பல இல்லாத 1925-இல், மெக்சிகோவில் பேருந்தும் டிராமும் மோதியதில் 18 வயது ஃபிரிடா காலோவின் இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்து, புகழ்பெற்ற ஓவியரானார். வலி மட்டும் வாழ்நாளெல்லாம் தொடர்ந்தது.

விபத்தில் விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், காலைப் பிடித்து இழுக்காதீர்கள். சாலையில் வேறு ஆபத்து இல்லையென்றால் அப்படியே படுத்திருக்கவிட்டு, 999-ஐ அழையுங்கள். ஏற்றப்படும் ரத்தம் யாரோ கொடுத்தது. 17 வயதாகி, குறைந்தது 45 கிலோ எடையுள்ள ஐந்தாம் படிவ மாணவரும் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய ரத்த மையத்தில் ரத்தம் கொடுக்கலாம்.