ஜவுளிக்கடையில் மறைவு

வியாபாரச் சகோதரர்களே! பெண்ணுடை தரித்த ஆண் நம் ஜவுளிக்கடைக்கு வந்து, பெண்கள் உடுத்திப் பார்க்கும் அறையைக் கேட்டால் என்ன செய்வது?

என் கடையில் இது நேர்ந்தது. திரைக்குப் பின்னே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். பதறிப்போய், நாலு பேர் முன்னிலையில் வந்தவரை ஏசிவிட்டேன். அவர் தலைகுனிந்து போனார். தடுத்தது சரி, ஏசியது தவறு.

ஹதீஸ்: உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வீட்டுக்குப் பெண்சாயலுள்ள ஆண் ஒருவர் வந்துபோவதுண்டு. அவர் தாயிஃப் நகரத்துப் பெண்ணொருத்தியின் உடலை இன்னோர் ஆணுக்கு வர்ணித்ததைக் கேட்ட பிறகே, இனி உள்ளே விடலாகாதென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆக, காக்கவேண்டியது பெண்களின் மறைவு.

சட்டம்: அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானில், முஸ்லிம் ஆண் பெண்ணுடை அணிவதைக் குற்றமாக்கும் ஷரீஅத் சட்டப்பிரிவு செல்லாதென்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2015இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. இந்தியாவிலோ, பொதுமக்களுக்குள்ள வசதிகளைத் திருநர்களுக்கு மறுக்கலாகாதென்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை, கடைக்காரர் வேலையன்று.

நம் வேலை எது? திரைச்சீலையை எடுத்துவிட்டு, தரைமுதல் மேல்வரை பலகையடைத்து, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் என்று ஆக்குவது. நான் செய்துவிட்டேன். இப்போது யார் கேட்டாலும், "அந்த அறை காலி, போங்க" என்றால் போதும். இன்சொல்லுக்கு முதல் போட வேண்டியதில்லை.