நெற்பயிரை நீள வைக்கும் மூடிப் புரதம்

நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட நெடிதாக உயர்ந்து, மெலிந்து வெளிறி நிற்பதைத் தாங்கள் கண்டிருக்கலாம். ஊட்டம் ஏறிவிட்டதென்று மகிழ வேண்டாம். அது விதை வழியே பரவும் பூசண நோய். அந்த நாற்றுகளில் பல நட்டபின் காய்ந்துவிடும். தப்பியவையும் பெரும்பாலும் பதராகவே கதிர்விடும். ஜப்பானியர் இதற்கு இட்ட பெயர் 'பக்கானே', அதாவது மூட நாற்று!

1926-ஆம் ஆண்டில் குரோசவா என்ற ஜப்பானிய அறிஞர், இப்பூசணம் வளர்ந்த நீரை மட்டும் வடித்து நாற்றுக்கு இட்டார். பூசணம் இல்லாமலேயே நாற்று நீண்டது. அந்நீரில் இருந்த பொருளுக்கு யபுதா என்பவர் 1935-இல் 'ஜிப்ரலின்' எனப் பெயரிட்டார். பயிரும் தன் வளர்ச்சிக்கென இதனைச் சிறிதளவு தானே உண்டாக்கிக் கொள்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

இந்த ஊக்கி வந்திருப்பதை உயிரணு எவ்வாறு அறிகிறது? 2005-இல் நெல்லில் கண்டறியப்பட்ட ஒரு புரதமே அதனை உணர்கிறது. 2008-இல் அதன் உருவமும் தெளிவாயிற்று. அதன் நடுவே ஒரு குழி. ஓரத்தில் நிலையின்றி ஆடும் ஒரு வால். ஜிப்ரலின் குழிக்குள் அமர்ந்ததும் அந்த வால் மடிந்து, குழியின் மேல் மூடியாகப் படிகிறது. வாய் திறந்த பானையின்மேல் இன்னொன்றை அடுக்க முடியாது. மூடி போட்டால் அடுக்கலாம் அல்லவா? அதுபோல, மூடியின் மேற்புறத்தில் வேறொரு புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கும் தடைப் புரதம் அது. அவ்வாறு சிக்கிய தடைப் புரதத்தை உயிரணு சிதைத்து அழித்துவிடும். தடை நீங்கவே தண்டு நீள்கிறது.

நம் குட்டை இரகங்களின் சங்கதியும் இதில்தான் உள்ளது. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 நெல்லில் ஜிப்ரலின் உற்பத்தியே குறைவு. ஆகவே வெளியிலிருந்து தெளித்தால் அது உயரும். ஜப்பானின் நோரின் 10 வழிவந்த குட்டைக் கோதுமையின் கதை வேறு. அங்கே ஊக்கிக்குப் பஞ்சமில்லை. தடைப் புரதத்தில் மூடியோடு ஒட்டும் பகுதி இல்லை. எவ்வளவு தெளித்தாலும் தடை அகலாது, பயிரும் உயராது. வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில், பெண் வரிசையின் கதிர் உறையைவிட்டு நன்கு வெளிவர ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பது பயன் தருவதும் நெல்லில் மூடியும் தடையும் பழுதில்லாமல் இருப்பதால்தான்.

பூசணத்தின் ஜிப்ரலினும் இதே குழியில்தான் அமர்கிறது. தன்னுடையது எது, பகைவனுடையது எது என்று பயிருக்குத் தெரியாது. எனவே நெடிய நாற்றுகளைக் கண்டவுடன் வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள். அவ்வயலின் நெல்லை, எவ்வளவு மணி திரண்டிருப்பினும், விதைக்கென எடுத்து வைக்காதீர்கள்.